ஐந்தாவது செய்தி

மார்ச் 3, செவ்வாய்

ஏழில் ஆறு செய்தி மதியத்துக்குள் முடிந்துவிட்டது. துறைமுக வேலைநிறுத்தம், தள்ளிப்போன தேர்தல், வால்நட்சத்திரம், திருட்டுப்போன சிலையைத் திருப்பிக் கொடுக்கும் அருங்காட்சியகம் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டு நாற்பது சொல்லுக்குள் உட்கார்ந்துகொண்டன. ஐந்தாவதுதான் இழுத்தடித்தது. மாத்திரை பற்றிய ஆய்வு. முதலில் எழுபது சொல், பிறகு ஐம்பத்தொன்று, பிறகு நாற்பத்து மூன்று. அங்கேயே நின்றுவிட்டது.

‘கத்திரி’ வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். ஆசிரியருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். அது அவருக்கும் தெரியும்.

“நாற்பத்து மூணு காட்டுதே.”

“மூணு சொல்தானே சார்.”

“இன்னைக்கு மூணு விட்டா நாளைக்கு முப்பது கேப்பீங்க. எடுங்க.”

எடுத்தேன். நாளைய மின்னஞ்சல் செய்திமடல் மாலை ஏழு மணிக்குப் பூட்டப்பட்டது. காலை ஆறுக்கு முப்பத்தெட்டாயிரம் பேருக்குத் தானாகப் போய்விடும். நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பதினொரு வருடமாக நாள் முழுக்கச் சொல்லை எண்ணுகிற பிழைப்பு. இந்த நோட்டில் எண்ண வேண்டியதில்லை என்பதே பெரிய விடுதலை.

அக்கா பத்திரமாக ஊர் போய் இறங்கிவிட்டாளாம். அவள் மகளுக்கு எந்த நாளும் வலி எடுக்கலாம். அத்தான் மூன்று வாரம் தனியாக இருப்பார். “நீ அப்பப்ப எட்டிப் பாரு, அவருக்குப் பாலைக் காய்ச்சவே தெரியாது” என்று நாலு முறை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 4, புதன்

ஒன்பது!

அத்தானிடமிருந்து ஒன்பது. இந்த மனிதர் எடை போடும் தராசுகளைச் சோதிக்கும் அதிகாரியாக முப்பத்து மூன்று வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவர். ஒரு கடுகு கூடினாலும் முத்திரை போடமாட்டார். ஓய்வுபெற்ற பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். தினமும் ஆறு இருபதுக்கு மின்னஞ்சலில் மதிப்பெண் வரும், பத்துக்கு. பெரும்பாலும் ஆறு. மனசு குளிர்ந்தால் ஆறரை. கூடவே ஒரு வரிக் குத்தல்: “மூன்றாவதில் அலங்காரம் அதிகம்.” “கடைசிச் செய்திக்குச் சிரிப்பு வரவில்லை.”

இன்று வந்தது இது: “9. ஐந்தாவதில் ஒரு சொல் கூட மிகை இல்லை.”

அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினேன். கத்திரியிடமும். “நான் வெட்டச் சொன்னதுக்கு வந்த மார்க்கு” என்றார். இருக்கட்டும். யார் என் சந்தோஷத்தில் பங்கு கேட்டாலும் கொடுக்கும் மனநிலையில் இருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. “எந்தத் தராசில் நிறுத்தார்கள், முத்திரை உண்டா?” என்று மருமகனிடம் கேட்டாராம் அத்தான்.

மார்ச் 8, ஞாயிறு

அத்தான் வீட்டுக்குப் போனேன். பால் பாத்திரம் கருகிக் கிடந்தது. அக்கா சொன்னதில் தப்பே இல்லை. தேய்த்து வைத்தேன். அவர் குழந்தையின் படத்தை மூன்று முறை காட்டினார். மூன்று முறையும் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

கிளம்பும்போது, “உன் புண்ணியத்துல காலைல எனக்கு ஒரு வேலை மிச்சம்” என்றார். செய்தித்தாளைப் புரட்டுகிற வேலையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். “அப்படின்னா பத்துக்குப் பத்து போடுங்க” என்றேன். “அதெல்லாம் கடவுளுக்கு” என்றார்.

மார்ச் 18, புதன்

ஆறு இருபதுக்கு மதிப்பெண் வரவில்லை. ஏழுக்கும் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனேன். போயிருக்கக் கூடாது. அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஒன்பதேகாலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அத்தான் குளியலறை வாசலில் விழுந்து கிடந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால். பேச்சு வரவில்லை.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். குழந்தை பின்னால் அழுதுகொண்டிருந்தது.

மார்ச் 19, வியாழன்

அக்கா முதல் விமானத்தில் வந்துவிட்டாள். மருத்துவமனைப் படியேறும்போதே மூச்சு வாங்கியது. மருத்துவர் சின்ன வயசுக்காரி, பொறுமையாகக் கேட்டாள்: “ஏழு வருஷத்துக்கு முன்னாடி மாரடைப்பு வந்தப்ப ஒரு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க, ரத்தம் உறையாம இருக்க. அதை ஒழுங்கா போட்டுட்டு வந்தாரா?”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். “நான் ஊர்ல இல்லம்மா. நான் இருந்தா கையில எடுத்துக் குடுப்பேன். அவரா போட்டாரான்னு தெரியல.”

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நான் இருந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன். நான் இருந்திருந்தா. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவர் ஒருநாளும் மறக்கிற ஆள் இல்லை என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

மார்ச் 21, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

அத்தானுக்குச் சட்டையும் போர்வையும் எடுக்க அக்கா என்னை வீட்டுக்கு அனுப்பினாள். மேஜை இழுப்பறையில் மாத்திரை அட்டை இருந்தது. அவர் பழக்கம் தெரியும். புது அட்டை பிரித்தால் ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் பேனாவால் தேதி எழுதிவிடுவார், விட்டுப்போகக் கூடாது என்று. பதினாலு குமிழ். பிப்ரவரி 24-இலிருந்து மார்ச் 3 வரை எட்டும் காலி. மார்ச் 4-இலிருந்து ஆறு மாத்திரையும் அப்படியே.

மறக்கவில்லை. நிறுத்தியிருக்கிறார்.

அட்டைக்கு அடியில் மடித்த தாள். எங்கள் மடல். அச்செடுத்திருக்கிறார். ஐந்தாவது செய்திக்கு அளவுகோல் வைத்து அடிக்கோடு. ஓரத்தில் ஒன்பது.

காலைல ஒரு வேலை மிச்சம்.

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்.

இரண்டையும் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். யோசித்துப் போடவில்லை. கை போட்டுவிட்டது. சட்டையும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். “வேற எதுவும் எடுக்கலையா?” என்றாள் அக்கா. இல்லை என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

வெளியே போன செய்தி இது. எத்தனை முறை படித்தாலும் மாறவில்லை:

“தினம் ஒரு மாத்திரை தேவைதானா? ரத்தம் உறையாமலிருக்கும், இதயத்தைக் காக்கும் என்று நம்பி முதியவர்கள் காலைதோறும் விழுங்கும் சிறு மாத்திரையால் பெரிய பலன் ஏதும் இல்லை என்கிறது பன்னிரண்டாயிரம் பேரிடம் ஆறாண்டுகள் நடந்த ஆய்வு. மாறாக, வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தே கூடுகிறது. பழக்கத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நேரம் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.”

நாற்பது சொல். சரியாக நாற்பது.

பழைய வரைவைத் தேடி எடுத்தேன். “முதியவர்கள்” என்பதற்கு முன்னால் மூன்று சொல் இருந்தது: “இதுவரை இதயநோயே வராத.”

அதைத்தான் எடுத்திருக்கிறேன். எடுத்ததே நினைவில்லை. கடைசி வாக்கியத்தை எடுத்திருக்கலாம். அது எட்டுச் சொல். அது இல்லாமல் செய்திக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அழகாக முடிகிறது என்று வைத்துக்கொண்டேன். அது ஆய்வாளர்கள் சொன்னதும் இல்லை. அவர்கள் “மருத்துவரைக் கலந்தாலோசித்து முடிவெடுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபரிசீலனை என்பது என் ஜோடனை.

அழகுக்காக அத்தானை வெட்டியிருக்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

கத்திரியின் அறைக்குப் போனேன். மார்ச் 4 மடலில் ஒரு தவறு, திருத்தம் போட வேண்டும் என்றேன். வரைவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“யாராவது புகார் குடுத்திருக்காங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் நாமளா போய் ஏன் தலையைக் குடுக்கணும்? புகார் வந்தா திருத்தம். வரலைன்னா இல்ல. எத்தனை வருஷமா இதானே வழக்கம். ரெண்டு வாரம் ஆச்சு, யாருக்கு ஞாபகம் இருக்கும்?”

ஒருத்தருக்கு இருக்கிறது சார், அவரால் பேச முடியாது — இது வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஏன்? சொன்னால் அக்கா வரை போய்விடும் என்ற பயம்தான். வேறென்ன.

இன்றைய மூன்றாவது: ஆழ்கடலில் உடம்பு முழுக்கக் கண்ணாடிபோல இருக்கும் மீன். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியுமாம். பாவம் அது.

மார்ச் 25, புதன்

அத்தானைச் சாதாரண அறைக்கு மாற்றிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சிக்காரர் வந்து ஒன்று இரண்டு மூன்று சொல்லச் சொன்னார். அத்தான் வாயிலிருந்து வந்தது ஏதோ ஒரு சத்தம். அதைக் கேட்டு அவருக்கே கண் கலங்கிவிட்டது. கடை கடையாக அதட்டிய குரல் அது.

அக்கா தண்ணீர் பிடிக்கப் போனபோது நான் மட்டும் இருந்தேன். என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி, மாத்திரை போடுவதுபோல வாயைத் தொட்டார். பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இரண்டு முறை.

உன்னாலதான் என்கிறாரா? உன்னால் இல்லை என்கிறாரா? அவளிடம் சொல்லாதே என்கிறாரா? கேட்டிருக்கலாம். ஆமாம், இல்லை என்று தலையாட்டிச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. “சொல்லாதே” என்றே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு எது வசதியோ அதை அவர் தலையிலேயே கட்டியாயிற்று.

மார்ச் 26, வியாழன்

அக்காவின் மகள் கூப்பிட்டாள். அழுதாள். “சித்தி, அம்மா என் ஃபோனை எடுக்கறதே இல்ல. குழந்தையைக் காட்டறேன்னா வேண்டாங்கறாங்க. நான் ஊருக்கு வரச்சொன்னதாலதான் இப்படி ஆச்சுன்னு நினைக்கறாங்களா?”

இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல என்றேன். ஆனால் அப்படித்தான். இன்று மாலை அக்காவிடமே கேட்டேன். “பேத்தியைக் கொஞ்சப் போனேன்ல, அதுக்கு எனக்குக் கிடைச்ச கூலி இது” என்றாள். “இனிமே அந்த முகத்தை எப்படிப் பாப்பேன். பாக்கும்போதெல்லாம் இவரு கீழ கெடந்ததுதான் ஞாபகம் வரும்.”

இருபது நாள் வயசுக் குழந்தை. அதன் தலையிலும் என் மூன்று சொல்.

மார்ச் 27, வெள்ளி

புகார் இருந்தால்தானே திருத்தம்? சரி, புகாரைத் தேடுவோம் என்று வாசகர் கடிதம் பார்ப்பவரிடம் போனேன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. எல்லோருக்கும் அவர் தபால்காரர். இப்போது வருவது எல்லாமே மின்னஞ்சல்தான் என்றாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

“அண்ணா, மார்ச் நாலாம் தேதி அஞ்சாவது செய்திக்கு யாராவது திட்டி எழுதினாங்களா?”

தேடினார். “திட்டு ஒண்ணும் இல்லம்மா. நல்ல பேருதான் வாங்கியிருக்க. எட்டு பாராட்டு.”

எங்கள் ஏற்பாடு அப்படி. புகார் வந்தால் கத்திரிக்குப் போகும். பாராட்டு வந்தால் தபால்காரர் ஒரு நன்றி அனுப்பிவிட்டுப் ‘பாராட்டு’ என்ற பெட்டியில் போட்டுவிடுவார். வருடக் கடைசியில் எண்ணிக்கை சொல்வதோடு சரி, யாரும் படிப்பதில்லை.

எட்டையும் படித்தேன். ஐந்து பேர் சும்மா நன்றி. மீதி மூன்று:

“என் தாயாருக்கு இரண்டு முறை மாரடைப்பு வந்திருக்கிறது. தினமும் இந்த மாத்திரைக்காகக் குழந்தைபோல அடம்பிடிப்பார். உங்கள் செய்தியைப் படித்துக் காட்டி நிறுத்திவிட்டோம். வீட்டில் நிம்மதி. நன்றி.”

“இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து விழுங்கி வந்தேன். இன்று குப்பையில் போட்டேன்.”

மூன்றாவது ஒரே வரி. “நன்றி, அப்பாவும் நிறுத்திவிட்டார்.”

மூன்றுக்கும் தபால்காரர் பதில் போட்டிருக்கிறார்: தங்கள் பாராட்டு எங்களுக்கு ஊக்கமளிக்கிறது.

அவர் என் தோளுக்கு மேலே படித்துக்கொண்டிருந்தார். செய்தியில் விட்டுப்போன சொற்களைக் காட்டினேன். “நான் ஒழுங்கா படிக்கவே இல்லம்மா. நன்றின்னு ஒரு வார்த்தை இருந்தா பெட்டியில தள்ளிடுவேன்” என்றார்.

மூன்று பேருக்கும் உடனே எழுதினோம். இத்தனை நாளும் என்னையும் அக்காவையும் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதினவர்கள் மூன்று பேர் என்றால் எழுதாதவர்கள் எத்தனை பேர்? முப்பத்தெட்டாயிரம் வீடு. நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு காலையும் யாரோ ஒருத்தர் மாத்திரை போடாமல் காபி குடிக்கிறார்.

மார்ச் 28, சனி

அம்மாவுக்காக எழுதியவர் பதில் போட்டுவிட்டார். மறுபடி கொடுக்கத் தொடங்கிவிட்டார்களாம். ஸ்டென்ட்காரர் நல்ல திட்டு. எவ்வளவு நிம்மதியாக இருந்தது அந்தத் திட்டு. ஆள் இருக்கிறார், திட்டுகிறார்.

மூன்றாவதற்குப் பதில் இல்லை.

ஸ்டென்ட்காரரின் கடிதம் புகார்தானே? கத்திரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். “சனிக்கிழமைல என்னம்மா. திங்கள் வந்து பாக்கறேன், வக்கீலையும் ஒரு வார்த்தை கேக்கணும்” என்றார். வக்கீல் எப்போது ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்.

திருத்தத்தை நானே போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன்னால் அக்காவிடம் சொல்ல வேண்டும். அவளாக எங்கேயாவது படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். நடைவழி பெஞ்சில் அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து அட்டையையும் தாளையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன். தேதிகளைக் காட்டினேன். செய்தியைப் படித்தேன். விட்டுப்போன மூன்று சொல்லையும் சொன்னேன். “அவர் மறக்கலக்கா. நீ இல்லாததால இல்ல. என் எழுத்தை நம்பி நிறுத்தியிருக்கார்.”

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கையெழுத்தைத் தொட்டாள்.

“இதை எப்ப எடுத்த?”

“போன வாரம் சனிக்கிழமை. சட்டை எடுக்கப் போனப்ப.”

“அன்னைக்கு வேற எதுவும் எடுக்கலையான்னு கேட்டேன்.”

“ஆமா.”

“எட்டு நாள்.” உரித்த ஆரஞ்சை அப்படியே பெஞ்சில் வைத்தாள். “எட்டு நாளா நான் அழறேன். என்னாலதான் என்னாலதான்னு தலைல அடிச்சுக்கறேன். நீ பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிட்டு இருந்திருக்க.”

அவள் கையைப் பிடிக்கப் போனேன், இழுத்துக்கொண்டாள்.

“தப்பு யாரு வேணா பண்ணுவாங்க. ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, சரி. இது விட்டுப்போனதா? இது நீ வச்சுக்கிட்டது.” குரலை உயர்த்தவே இல்லை. “போ. இவர் முழிக்கறதுக்குள்ள போயிடு.”

“நாளைக்கு வரட்டுமாக்கா?”

“வேண்டாம்.”

அக்கா அத்தானைக் கட்டிக்கொண்டு போனபோது எனக்குப் பதினொரு வயசு. அன்றைக்கு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதேனாம். முப்பத்து மூன்று வருடத்தில் ஒருநாளும் என்னைப் போ என்று அவள் சொன்னதில்லை. பேருந்தில் யார் யாரோ பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 31, செவ்வாய்

நேற்று கத்திரி மறுபடியும் “வக்கீல் இன்னும் கூப்பிடல” என்றார். பூட்டிய மடலை அவசரச் செய்திக்காகத் திறக்க எனக்கு ஒரு வழி உண்டு. இந்தப் பதினொரு வருடத்தில் இரண்டு நிலநடுக்கத்துக்குத் திறந்திருக்கிறேன். இன்று காலை ஐந்தரைக்கு வீட்டிலிருந்து திறந்தேன். முதல் செய்தியாக இதைப் போட்டேன்:

“மார்ச் 4 மடலின் ஐந்தாவது செய்தி தவறு. அந்த ஆய்வு இதுவரை இதயநோயே வராத முதியவர்களைப் பற்றியது. மாரடைப்போ பக்கவாதமோ முன்பே வந்தவர்களுக்கு அது பொருந்தாது. எங்கள் செய்தியைப் படித்து நீங்களோ உங்கள் வீட்டில் யாரேனுமோ மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அன்று மடல் படித்த எல்லோரிடமும் சொல்லுங்கள். முக்கியமான மூன்று சொற்களை வெட்டியது இந்த மடலை எழுதும் நான்தான்.”

எண்ணவில்லை.

ஆறு பத்துக்குக் கத்திரியிடமிருந்து ஃபோன். “என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா? சீட்டைக் காலி பண்ணிட்டுப் போற எண்ணமா?” ஆமாம் சார், இல்லை சார், தெரியும் சார். நடுவில் ஒருமுறை, “என் அத்தான் படுத்திருக்கார் சார், இதைப் படிச்சு நிறுத்திட்டு” என்றேன். பிறகு வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் நானூற்றுச் சொச்சம் கடிதங்கள். தபால்காரரும் நானும் ஒவ்வொன்றாகப் படித்தோம், இந்த முறை கடைசி வரி வரை. பாதி திட்டு. மடலே வேண்டாம் என்று அறுநூறு பேர் போய்விட்டார்கள். மாத்திரையை நிறுத்தியிருந்ததாக எழுதியவர்கள் பத்தொன்பது பேர்.

பத்தொன்பது.

கத்திரி எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவரும் படித்தார். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 1, புதன்

என்னை மடலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறு உத்தரவு வரும்வரை தபால்காரருக்கு உதவி. தண்டனைதான், ஆனால் பொருத்தமான இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 4, சனி

அக்கா ஃபோனை எடுக்கவில்லை. ஒரு பை ஆரஞ்சை மருத்துவமனை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஆள் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

அக்காவின் மகள் கூப்பிட்டாள். “சித்தி, அம்மா நேத்து குழந்தையைப் பாத்தாங்க. ஒரு மணி நேரம். அப்பா பக்கத்துலயே ஃபோனை வச்சுட்டாங்க. உங்களுக்கும் அம்மாவுக்கும் என்ன பிரச்சனை? கேட்டா சொல்லமாட்டேங்கறாங்க.”

நானே சொன்னேன், முழுக்க. “எனக்கும் கோபமாத்தான் வருது சித்தி” என்றாள் கடைசியில். வரட்டும். அக்கா குழந்தையைப் பார்த்தாளே.

மருத்துவரிடம் அக்கா கேட்டிருக்கிறாள், அதனால்தான் இப்படி ஆனதா என்று. அடித்துச் சொல்ல முடியாதாம். போட்டிருந்தால் வாய்ப்பு குறைந்திருக்குமாம். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததை வைத்துக்கொண்டு நான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

ஏப்ரல் 11, சனி

அத்தானை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 15, புதன்

‘அப்பாவும் நிறுத்திவிட்டார்’ என்று எழுதியவருக்கு இன்று நாலாவது கடிதம். பதில் இல்லை. “விலாசம் மாறியிருக்கும்மா” என்கிறார் தபால்காரர். மாறியிருக்கும். அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 20, திங்கள்

கத்திரி கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு தாள். அவரே கையால் எழுதியது.

“நாளைலேர்ந்து மறுபடி நீங்க எழுதுங்க. ரெண்டு விஷயம். பாராட்டு, புகார் எதுவா இருந்தாலும் எல்லாக் கடிதமும் எனக்கு வரணும். அப்புறம், மருத்துவச் செய்தின்னா அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாதுங்கறது நாற்பதுல சேராது. எத்தனை சொல் வேணுமோ எடுத்துக்குங்க.”

“சரி சார்.”

“மத்ததுக்கெல்லாம் நாற்பதுதான். நீங்க பாட்டுக்கு ஆரம்பிச்சுடாதீங்க.”

வாசல்வரை வந்தபின், “உங்க அத்தான் எப்படியிருக்கார்?” என்றார். எனக்குத் தெரியாது சார் என்று சொல்ல வேண்டியிருந்தது.

மே 5, செவ்வாய்

எழுதுகிறேன். ஆனால் கை பழைய கை இல்லை. எந்தச் சொல்லை எடுக்கப் போனாலும் அதற்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. நாளைய ஐந்தாவது: முழங்கால் வலிக்கு நடைப்பயிற்சி. யாருக்கு, யாருக்கு இல்லை, எப்போது நிறுத்த வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் எல்லாம் சேர்த்து எழுபத்து நாலு சொல். கத்திரி பார்த்துப் பெருமூச்சு விட்டார், வெட்டவில்லை.

மே 6, புதன்

ஆறு இருபத்தைந்துக்கு ஃபோன் அடித்தது. அக்கா.

“உன்கிட்ட பேசறதுக்காகக் கூப்பிடல” என்றாள் எடுத்தவுடனே. “இவர் கூப்பிடச் சொல்லி ஒரே பிடிவாதம்.”

“என்னக்கா? உடம்புக்கு ஏதாவது—”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. காலைல உன் மடலைப் படிச்சுக் காட்டச் சொல்றார். ஒரு வாரமா நான்தான் படிக்கறேன். இன்னைக்குப் படிச்சு முடிச்சதும் விரலைக் காட்டி, உன்கிட்ட சொல்லச் சொல்லிக் கையை ஆட்டறார்.”

“எத்தனை விரல்?”

“நாலு.”

பின்னால் அவர் ஏதோ சத்தம் கொடுத்தார். “இருங்க, சொல்றேன்” என்று அவரை அதட்டினாள். “ஏன் நாலுன்னு கேட்டேன். அஞ்சு விரலைக் காட்டிட்டு இடது கையை நீளமா இழுத்துக் காட்டறார். அஞ்சாவது ரொம்ப நீளமாம்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். எழுபத்து நாலு சொல் அவருக்கு நீளம்தான். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

“மாத்திரை?” என்றேன்.

“போட்டாச்சு. அட்டைல தேதி நான்தான் எழுதறேன்.”

வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க முடியவில்லை.

“நாளைக்கும் ஆறு மணிக்குத்தானே வரும்?” என்றாள்.

“ஆமாக்கா.”

“சரி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.